வாங்கில் கேட்டது, அறைக்குள் சொல்லாதது

பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் இதைத் தொடங்குகிறேன். இதற்கு முன்னும் நாலைந்து தடவை பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, அரைப் பக்கத்தில் கிழித்துப் போட்டிருக்கிறேன். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. உளநலப் பிரிவில் இப்போது வேலை செய்கிற நீங்கள், "மாமா, உங்கட அனுபவத்த எழுதித் தாங்க, புதுசா வாறவங்களுக்குக் குடுப்பம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் முழங்கால் வலி என்று சாட்டுச் சொன்னேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் எழுதுவதற்கு முழங்கால் தேவையில்லை.

காரணம் வேறு. அல்லாஹ் மூடி வைத்த பாவத்தை மனிதன் தானாகத் திறந்து காட்டக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன். போன நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் ஒரு மௌலவியிடம், வேறு யாரோ ஒருவருடைய விஷயம் போல இதைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே, "காக்கா, அது அந்த ஆளுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல உள்ளதெண்டா மூடி வெச்சிக்கிறட்டும். இன்னொரு மனிசருட ஹக்கு அதுக்குள்ள இரிந்தா, மூடி வெக்கிறதுக்கு அவருக்கு உரிமையில்ல" என்றார். ஹக்கு என்றால் ஒருவருக்குச் சேர வேண்டியது. அதற்குப் பிறகு எனக்குச் சாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. சாதாரண தரம் வரைக்கும்தான், அதிலும் கணக்குப் போகவில்லை. அம்பாறை டவுனில் ஒரு புடவைக்கடையில் பதினொரு வருஷம் நின்றேன். மருதமுனைச் சாறன்களைச் சிங்களச் சனங்களுக்கு விற்று விற்றுச் சிங்களம் நாக்கில் ஏறியது. பிறகு ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாக எடுபட்டேன். உளநலப் பிரிவுக்கு மலைநாட்டுப் பக்கமிருந்து ஒரு சிங்கள உளவியலாளர் இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய் வரத் தொடங்கியபோது, அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் சனத்துக்குச் சிங்களம் தெரியாது. என்னைப் பிடித்து நடுவில் இருத்தினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த நடுக்கதிரையில்தான் இருந்தேன்.

அவரை நாங்கள் டொக்டர் மிஸ் என்போம். ஊரில் அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்கள். சிங்கள ஆட்கள் எங்களைக் கூப்பிடுகிற மாதிரி அவர் என்னை "நானா" என்று கூப்பிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் வாழ்க்கையில் பயந்த ஆட்கள் மூன்று பேர். என் வாப்பா, எனக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெவ்வை, பிறகு இவர். இவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.

சோதனைகளை எப்படிச் செய்வது, எப்படிப் புள்ளி போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட வடிவாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். "சோதனைக் கடிதம்" என்று நாங்கள் சொல்கிற வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். லோயராக, நில அளவையாளராக, அந்த மாதிரி ஒரு தொழிலுக்குள் போகக் கடைசிப் பெரிய சோதனை, அதாவது பரீட்சை, எழுதுகிறவர்களில் சிலருக்கு அறிவில் குறைவிருக்காது. வாசிப்பில் குறைபாடு இருக்கும், இல்லாவிட்டால் கவனம் நிற்காது. அதை உளவியலாளர் ஆராய்ந்து எழுதிக் கொடுத்தால், சோதனை நடத்துகிற சபை மேலதிக நேரம் கொடுக்கும். கேள்வியை வாசித்துக் காட்ட ஒரு ஆளையும் கொடுக்கும். ஆனால் சபை ஒரு விஷயத்தில் கண்டிப்பு. அந்தக் குறை சின்ன வயதிலிருந்தே இருந்ததற்குச் சாட்சி வேண்டும். உம்மா வாப்பா சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் சோதனைப் பயம் என்று தள்ளிவிடுவார்கள்.

அந்தச் சாட்சியைக் குடும்பத்தாரிடம் தமிழில் கேட்டு எழுதி, அறைக்குள் சிங்களத்தில் சொல்வது என் வேலை.

முதலில் நான் மார்தட்டிக்கொண்ட ஒரு கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் அடுத்தது விளங்காது.

நில அளவையாளர் சோதனை எழுதுகிற ஒரு இளந்தாரி கடிதம் கேட்டு வந்தான். கூட வந்த மச்சான்காரன் இரண்டு முட்டி எருமைத் தயிர் கொண்டு வந்திருந்தான். அறைக்கு வெளியே ஆட்கள் குந்திக் காத்திருக்கிற ஒரு நீள வாங்கு இருக்கிறதே, அதில் இருந்து மச்சான் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். "எழுத்தெல்லாம் பாம்பு மாதிரி நெளியிது எண்டு செல்லு. மறுகா கண்ணக் கசக்கு." "எந்தக் கண்ண மச்சான்?" "ரெண்டையும் கசக்குடா, ஒண்டுக்குக் காசா கேக்குறாங்க?" அது முடிந்து பொடியன் போனை எடுத்துக் கிரிக்கெட் செய்தியை விறுவிறென்று வாசித்து மச்சானுக்குச் சொல்கிறான். நான் பக்கத்து மேசையில் பைல் அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டொக்டர் மிஸ் சிரித்துவிட்டுத் தன் சோதனையைச் செய்தார். அதிலும் அவன் வேஷம் தெரிந்தது. போகும்போது மச்சானைக் கூப்பிட்டு, "தயிர் நல்ல தயிர் போலிருக்கிறது. ஆனால் அது நிலம் அளக்காது. கொண்டு போங்கள்" என்றார். நான் தமிழில் சொன்னதும் மச்சான், "மிஸ்ஸுக்குத் தயிர் புடிக்காதா காக்கா?" என்று என்னைக் கேட்டான்.

அவர்கள் போனபின் மிஸ் என்னிடம் சொன்னது இது. "நானா, இந்த அறைக்குள் எல்லாரும் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த வாங்கில்தான் உண்மையான ஆள் இருக்கிறார். வாங்கில் கேட்பதை உள்ளே கொண்டு வாருங்கள்."

கொண்டு வந்தேன். வருஷக்கணக்காகக் கொண்டு வந்தேன். கூட்டிச் சொல்கிறவனைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் இல்லை என்ற பெருமையும் வந்தது. பொய் என்றால் இல்லாததைச் சொல்வது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் பிள்ளை வந்தாள். றிஸ்மியா என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை. சாய்ந்தமருதுப் பக்கம். வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர், போனால் வர மூன்று கிழமையாகும். வீட்டில் உம்மா சொல்வதுதான் சட்டம். றிஸ்மியாவுக்கு இருபத்தேழு வயது. சட்டத்தரணி ஆவதற்கான கடைசிச் சோதனையில் இரண்டு தடவை தவறிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு தடவை. அதிலும் தவறினால் படித்த அத்தனை வருஷமும் மண்.

மிஸ் அவளுக்கு ஒரு தமிழ்ப் பந்தியை வாசிக்கக் கொடுத்தார். மழைக்குப் பிறகு வயல் வரம்பில் நடப்பவள் மாதிரி வாசித்தாள். ஒவ்வொரு எழுத்திலும் கால் வைத்துப் பார்த்து, சறுக்கி, திரும்பி வந்து, மறுபடி வைத்து. விரல் தாளை விட்டு எழும்பவேயில்லை. அரைப் பக்கம் முடிய நெற்றி நனைந்துவிட்டது.

பிறகு மிஸ் என்னிடம் ஒரு சட்டக் கேள்வியைக் கொடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். காணி ஒன்றைப் பற்றிய நீளமான கேள்வி. எனக்கே நடுவில் தலை சுற்றியது. ஒருதரம்தான் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு யாருக்கு என்ன உரிமை, யார் எங்கே பிழை விட்டார், எந்த இடத்தில் வழக்கு நிற்கும், எந்த இடத்தில் விழும் என்று மடமடவென்று சொன்னாள். நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் கண்ணால படிச்சவ இல்ல மாமா, காதால படிச்சவ" என்றாள். "கூட்டாளிமார் வாசிக்க வாசிக்கப் போன்ல புடிச்சி, அதக் கேட்டுக் கேட்டுத்தான் இம்மட்டுக்கும் வந்த. சோதனைல போன் தரமாட்டாங்களே. மூணு மணித்தியாலத்துல ரெண்டு மணித்தியாலம் கேள்வி வாசிக்கவே போகுது. எனக்கு விடை தெரியும் மாமா. விடை தெரிஞ்சிக்கிட்டே தாளக் குடுத்திட்டு வாறது எப்படி இரிக்கும் எண்டு மிஸ்ஸுக்குச் செல்லுங்க."

சொன்னேன். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் போனதும், "நானா, இந்தப் பிள்ளை இதைச் சின்ன வயதிலிருந்து சுமக்கிறாள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் சந்தேகமின்மையைச் சபை ஏற்காது. நான் வருகிற அடுத்த செவ்வாய் உம்மாவை வரச் சொல்லுங்கள். உம்மாவின் வாயில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார்.

உம்மா வந்தார். நேரத்தோடு வந்து அந்த வாங்கில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"காக்கா, நீங்க எங்கட ஊருல பொண்ணெடுத்த ஆள்தானே? ஒங்களுட்ட ஒண்டு கதைக்கணும்."

"கதைங்க தங்கச்சி."

அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் எழுதுகிறேன். அன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்குச் செய்கிறேன்.

"அவக்கு மூணாம் வகுப்புல இரிந்தே எழுத்து ஏறல்ல காக்கா. அந்த வகுப்ப ரெண்டு வருஷம் படிச்ச. டீச்சர் கூப்பிட்டு, 'கெட்டிக்காரப் புள்ள, ஆனா புத்தகத்தக் கண்டா ஊமையாப் போறா' எண்டு சென்னா. அதத் தேர்ச்சி அறிக்கையிலயும் எழுதிரிக்கா, அது இன்னும் டிரங்குப் பெட்டிக்குள்ள இரிக்கி. குர்ஆன் ஓதப் போன எடத்துலயும் அப்படித்தான். மத்தப் புள்ளையள் பாத்து ஓதுவாங்க, இவ கேட்டு ஓதுவா. ஒரு நாள் லெவ்வை வந்து பாக்குற, இவ வேற ஏதோ பக்கத்தத் தொறந்து வெச்சிக்கிட்டு யாஸீன் சூறாவ ஒரு பிழையில்லாம ஓதிட்டு இரிக்கா. நல்ல மனிசன், அடிக்கல்ல. 'இந்தப் புள்ளைட காதுல அல்லாஹ் பறக்கத்து வெச்சிரிக்கான்' எண்டு சென்னார்."

நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? டீச்சரின் எழுத்து இருக்கிறது, லெவ்வை உயிரோடு இருக்கிறார்.

"இத அப்படியே மிஸ்ஸிட்டச் செல்லுங்க தங்கச்சி, போதும்" என்றேன்.

அவர் என் கையைப் பிடிக்காத குறை. "அதத்தான் காக்கா கெஞ்சிக் கேக்க வந்த. இத எழுதவேணாம். அவக்குக் கல்யாணம் பேசிரிக்கி. சம்மாந்துறை மாப்பிள, படிச்ச புள்ள. மாப்பிளட கூடப்பொறந்த ராத்தா இந்த ஆஸ்பத்திரிலதான் பைல் எடுத்துக் குடுக்கிற பகுதில நிக்கிறா. மூளையில குறை எண்டு இஞ்ச ஒரு கடதாசி எழுதினா, பின்னேரத்துக்குள்ள அங்க போயிரும். வீடு கட்டி முடிச்சிட்டம். கடல்ல போய்ப் போய் அவர் கட்டின வீடு. வீட்டுக்கு ஆள் வராமப் பூட்டிக் கெடந்தா நான் என்ன செய்ற? ஒங்களுக்கும் பொம்புளப் புள்ளையள் இரிக்கே காக்கா."

இருந்தார்கள். மூன்று பேர். மூத்தவளுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் முடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுக்கிற வழமையில் ஒரு வாப்பாவின் முதுகு எப்படி வளைகிறது என்பது எனக்குத் தெரியும். பிறர் குறையை மறைப்பவனின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து என் வாயைப் பூட்டின. நல்ல அமல் ஒன்று செய்யப்போகிறேன் என்றே நினைத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைப் பயப்படுத்துகிறது. கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இருக்கவில்லை.

"பயப்படாதீங்க தங்கச்சி" என்றேன்.

உள்ளே போனோம். மிஸ் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். உம்மா நிமிர்ந்து இருந்து பதில் சொன்னார்.

"சின்ன வயசுல படிப்புல கஷ்டம் ஏதும்?"

"ஒண்டுமில்ல. எப்பவும் கெட்டிக்காரி. ஒம்பது வயசுல குர்ஆன முடிச்சவ."

சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஒன்பது வயதில் ஒரு முழு வேதத்தை, அதுவும் வேறு மொழியில், முடித்த பிள்ளை என்றதும் மிஸ்ஸின் பேனை நின்றது. காதால் கேட்டு ஓதியது என்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தேர்ச்சி அறிக்கைகள் இருக்கிறதா?"

உம்மா தலையைக் குனிந்தார். "கடல் வந்த நேரம் எல்லாம் பெயித்து."

சுனாமி அடித்த எங்கள் கரையில் இந்த ஒரு பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. "மன்னிக்க வேண்டும்" என்று உம்மாவிடம் சொன்னார். அந்த வீட்டுப் பக்கம் தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஒழுங்கையில்தான் அன்றைக்கு நாங்கள் அடைக்கலம் இருந்தோம். இறந்தவர்களின் ஜனாஸாக்களை அடக்கிய நாட்கள். அந்த மௌத்துகளைக் கொண்டுபோய் ஒரு டிரங்குப் பெட்டிக்குத் திரையாகப் போடுகிறோம் என்று எனக்கு உறைத்தது. உறைத்தும் மொழிபெயர்த்தேன்.

உம்மா எழும்பிப் போனபின் மிஸ் என்னைப் பார்த்தார். "நானா, வெளியில் நீண்ட நேரம் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே கொண்டு வர வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. உங்களுக்கும் அது வரும். அதற்குப் படிப்பு உதவாது.

"இல்லை மிஸ். ஊர்க் கதைதான்" என்றேன்.

மிஸ் தன்னால் முடிந்ததை எழுதினார். வாசிப்பு மிக மெதுவானது என்று எழுதினார். சின்ன வயதில் குறை எதுவும் இருக்கவில்லை என்று குடும்பத்தார் சொல்வதையும் எழுதினார். அவர் உண்மை மட்டும் எழுதுகிற ஆள். அவருக்குக் கிடைத்த உண்மை அவ்வளவுதான்.

சபையின் பதில் வந்த அன்று றிஸ்மியா கடித உறையோடு என் மேசைக்கு வந்தாள். ஒரு பக்கக் கடிதம்தான். ஆனாலும் நீட்டினாள். "மாமா, வாசிச்சுச் செல்லுங்க. நான் வாசிச்சி முடிக்கிறதுக்குள்ள நெஞ்சு வெடிச்சிரும்."

வாசித்தேன். மேலதிக நேரம் தர முடியாது. சிறு பராயத்தில் குறைபாடு இருந்ததற்கு ஆதாரம் இல்லை, இருக்கவில்லை என்று குடும்பத்தாரே தெரிவித்திருக்கிறார்கள். புதிய ஆதாரம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் முறையிடலாம்.

"குடும்பத்தார் எண்டா ஆரு?" என்றாள்.

நான் கடிதத்தை மடித்தேன்.

"உம்மாவா? உம்மா அப்படிச் சென்னாவா? மாமா, நீங்கதானே நடுவுல இரிந்த?"

"உம்மா சென்னதத்தான் மகள் நான் சென்ன."

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு லேசாக வாயில் வந்தது. அவள் கடிதத்தை வாங்கி, நான் மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்து, ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று போய் உம்மாவோடு சண்டை பிடித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தான் ஒன்றும் அறியாமல் சொன்னதாகவும், அறிக்கைகள் எப்போதோ தொலைந்துபோனதாகவும் உம்மா சத்தியம் பண்ணியிருக்கிறார்.

பதினான்கு நாள் இருந்தது. அதை நான் எப்படிச் செலவழித்தேன் என்று கேளுங்கள். முதல் ஒரு கிழமை நடுச்சாமத்தில் தஹஜ்ஜுத் தொழுது அழுதேன். ஒரு போன் எடுக்கவில்லை. இரண்டாம் கிழமை திங்கள் உம்மாவைத் தேடிப்போனேன். "தங்கச்சி, செல்லிருவம்" என்றேன். "வெள்ளிக்கிழம மாப்பிள வீட்டார் முடிவு செய்ய வாறாங்க காக்கா. அது மட்டும் முடியட்டும். சனிக்கிழம நானே பெட்டியத் தொறந்து தாறன்" என்றார். முறையிடுகிற நாள் வியாழனோடு முடிகிறது. எனக்கு அது தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர் இப்போதே தீர்மானிக்க வேண்டி வரும், நானும் இப்போதே தீர்மானிக்க வேண்டி வரும்.

செவ்வாய் மிஸ் வந்தார். வெளியே முப்பது பேர். பைலைப் புரட்டிக்கொண்டே, "அந்தச் சட்டப் பிள்ளைக்குப் பதில் வந்ததா?" என்றார்.

"வந்தது மிஸ். இல்லையாம்."

"புதிதாக ஒரு தாள் இருந்தாலும் நான் எழுதுவேன். ஒன்றுமே இல்லையா நானா?"

"கேட்டுப் பார்க்கிறேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து சம்மதம் சொல்லிப் போனார்கள். அந்தி மஃரிபுக்குப் பிறகு உம்மா ஒரு தட்டில் பலகாரம் அனுப்பியிருந்தார். என் மனைவி தட்டை மேசையில் வைத்துவிட்டு, "இது என்னத்துக்கு நமக்கு?" என்றாள். சொன்னேன். முழுதும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"நம்மட மூணு புள்ளையள நெனச்சித்தான் செஞ்ச எண்டு செல்லுறீங்க" என்றாள். "அந்தப் புள்ளய ஆரு நெனச்ச?"

பலகாரத்தை யாரும் தொடவில்லை.

சனிக்கிழமை விடியச் சுபஹ் தொழுதுவிட்டு மிஸ்ஸுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து "மிஸ்?" என்றேன்.

"இருக்கிறேன் நானா" என்றார். "எனக்குத் தமிழ் தெரியாது. அந்த ஊரில் நான் உங்கள் காதால்தான் கேட்கிறேன். நீங்கள் எனக்குக் கேட்க வேண்டாம் என்று தீர்மானித்தால் நான் செவிடி. அது எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது."

அன்றைக்கே எழுதினார். லெவ்வை தன் கையால் ஒரு கடிதம் தந்தார். உம்மா பெட்டியைத் திறந்து அறிக்கைகளை எடுத்துத் தந்தார். டீச்சரின் எழுத்து அழியாமல் இருந்தது. எல்லாம் சபைக்குப் போயிற்று, நடந்தது முழுதும் றிஸ்மியாவுக்கும் தெரியவந்தது. சபை மரியாதையாகப் பதில் எழுதியது, காலம் கடந்துவிட்டது என்று.

றிஸ்மியா மற்றவர்களுக்குள்ள அதே நேரத்தில் எழுதினாள். ஒரு வினாத்தாளில் கடைசி இரண்டு கேள்விகளை வாசிக்கவே முடியவில்லையாம். மணி அடித்துவிட்டது. வெளியே வந்து கூட்டாளி ஒருத்தியிடம் அந்த இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த இடத்தில் நின்றே விடை சொல்லியிருக்கிறாள். இரண்டும் சரி. முடிவு வந்தது, தவறிவிட்டாள். அதோடு முடிந்தது.

கல்யாணம் நடந்தது. கல்யாணப் பதிவான காவின் எழுதிய அன்று மாப்பிள்ளையின் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நல்ல பிள்ளை. நானாகத்தான் மெதுவாகக் கதையைத் தொடங்கினேன், வாசிப்பு விஷயம் தெரியுமா என்று. அவர் சிரித்தார். "பேசி வெச்ச முதல் கிழமையே விளங்கிற்று மாமா. நான் எழுதி அனுப்பினா அவ குரல்லதான் பதில் அனுப்புவா. ராத்தாட்டயும் செல்லிட்டன். ராத்தாட மகனும் அந்த மாதிரித்தான். அதுக்கென்ன?"

நான் பிறகு சாப்பிடவில்லை.

மிஸ் என்னை மாற்றவில்லை, மேலே அறிவிக்கவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆள் போன பின்னும், "இவ்வளவுதானா நானா?" என்று கேட்பார். ஓய்வு பெறும் நாள்வரை, ஒவ்வொரு ஆளுக்கும். வேறு தண்டனை அவர் தரவில்லை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். உங்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரக்கம் வரும்போது அது யாருக்காக வருகிறது என்று பாருங்கள். எனக்கு வந்த இரக்கமெல்லாம் வாங்கில் இருந்தவருக்குப் போய்விட்டது. அன்றைக்கு அங்கே வராதவளுக்கு மிச்சமில்லை. ஒரு பிள்ளையின் குறையை மறைத்தேன் என்று நினைத்தேன். அவளுக்கு அந்தக் குறையைச் சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அவள் எங்களிடம் வந்தாள்.

றிஸ்மியா இப்போது கல்முனையில் ஒரு லோயரின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வருகிற சனத்தின் கதையைக் கேட்டு, எது வழக்கு, எது வழக்கில்லை என்று பிரித்து அவருக்குச் சொல்வது அவள் வேலை. மன்றில் எழும்பிப் பேசுவது அவர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காணி உறுதி விஷயமாக அங்கே போனேன். அவள்தான் கதிரை தந்தாள். தேத்தண்ணியும் தந்தாள். என் வேலை முடிந்ததும் எழும்பாமல் இருந்தேன்.

"மகள், எல்லாம் ஒங்களுக்குத் தெரியும். நான் ஒங்களுட்ட மஆப் கேக்கணும். நான் மௌத்தாகிறதுக்கு முன்ன."

அவள் மேசையில் இருந்த தாள்களைத் தட்டி நேராக்கினாள். கோபம் முகத்தில் இல்லை.

"மன்னிச்சிட்டன் எண்டு இப்பவே செல்ல ஏலும் மாமா. ஒங்கட முகத்தப் பாத்தா செல்லச் செல்லித்தான் மனசு செல்லுது. ஆனா அது உண்மையா இரிக்காது. இன்னம் வரல்ல. வந்தா செல்லி அனுப்புறன்."

"இத எழுதட்டா மகள்?"

"எழுதுங்க. என்ட பேர மட்டும் மாத்துங்க. வேற ஒண்டையும் மாத்தாதீங்க."

அதன்படியே எழுதியிருக்கிறேன். நீங்களும் இதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்னை நல்லவனாக்க வேண்டாம், அந்த உம்மாவைக் கெட்டவராக்கவும் வேண்டாம். கேட்கிறவர்கள், "கடைசில அந்தப் புள்ள மன்னிச்சாளா?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட உங்களுக்கு ஆசையாக இருக்கும். கிழவன் பாவம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். செய்தி இன்னும் வரவில்லை.